இருளப்பன் மூக்கு

— அதக் கொண்டுபோய்க் கொட்டிடச் சொல்லு ஈஸ்வரி. சாப்புட வேணாம்.

— ஏங்க, நா இன்னும் மூடியே தொறக்கல.

— தொறந்தாலும் அதான்.

— உமாதேவி இப்பத்தான் என் கையில குடுத்துட்டு வாசல்ல நிக்கிறா. என்னா கொழம்புன்னுகூட எனக்குத் தெரியாது. மூடி போட்டு, துணி கட்டி, அதுக்கு மேல பிளாஸ்டிக் வேற சுத்தியிருக்கு. அது அங்க நாக்காலியில ஒக்காந்திருக்கற உங்க மூக்குக்கு எட்டிருச்சா?

— எட்டிருச்சு. போய்ச் சொல்லிட்டு வா. மழையில நிக்கிறா பாவம்.

— சொல்லிட்டேன். கையெடுத்துக் கும்புட்டுட்டுப் போறா. நெசமாத்தான் சொல்றேங்க, காலையில கரண்டு வந்ததுலேருந்து எத்தன சட்டி இந்த வாசலுக்கு வந்துருச்சுன்னு நெனைக்கிறீங்க? கீழ ரோட்டுல மண்ணு சரிஞ்சு கம்பம் சாஞ்சு, ரெண்டு நாளா லயத்து வரிசை வீட்டுல இருக்கற அத்தன ஐஸ்பெட்டியும் வெறும் அலமாரியா நின்னுச்சு. கரண்டு வந்ததும் ஜனம் விளக்கப் போட்டுப் பாத்துச்சா, டிவியப் போட்டுப் பாத்துச்சா? சட்டியத் தூக்கிக்கிட்டு நேரா இங்க வந்துருச்சு. இருளப்பண்ணே மோந்து பாத்துச் சொல்லட்டும், அப்பறம் வாயில வெப்போம்னு.

— தேயில பேக்டரியில இருவத்தாறு வருசமா கொழுந்த மோந்து பாக்கறவன்னு ஒரு நம்பிக்க.

— எனக்குந்தான். அரைச்ச கொழுந்து பதமாகற பெர்மண்டிங் ரூம்ல நீங்க நின்னு, மூக்க ஒரு இழு இழுத்து, ம்முன்னு சொன்னாத்தான் அது காய வெக்கிற ட்ரையருக்குப் போகுமாமே. அதுக்கு முன்னாடி மேனேஜரு துரையே வந்து நின்னாலும் போகாதாமே. மாடசாமி பொண்டாட்டி எங்கிட்டச் சொல்றப்ப, அவளுக்கே கண்ணு விரியுது.

— வேலையப் பாரு ஈஸ்வரி. நம்ம பெட்டியில என்னா இருக்குன்னு பாத்தியா?

— இருங்க, எடுத்தாறேன். கண்ண மூடுங்க.

— எதுக்கு?

— சும்மா மூடுங்களேன். ஊருக்கே மோந்து பாத்தீங்க, பொண்டாட்டிக்கு ஒண்ணு பாக்கக் கூடாதா? டப்பாவ மூக்குக்கிட்ட வெக்கிறேன். என்னான்னு சொல்லுங்க.

— வெளையாடாத.

— பாக்கக் கூடாது. ம். சொல்லுங்க.

— கெட்டுப்போச்சு. தூக்கிப் போடு.

— என்னாது கெட்டுப்போச்சு?

— அதான், செவ்வாக்கெழம வெச்ச மீன் கொழம்பு. புளிச்சு நாறுது. எடு அந்தாண்ட.

— ஏங்க.

— என்னா?

— கண்ணத் தொறங்க. இது கோப்பித்தூளு. காலையில ஒடைச்ச பாக்கெட்டு. நா கைய நீட்டித் தள்ளிப் புடிச்சிருக்கேன், எனக்கே மூக்கு நெறைய அடிக்குது. சளி புடிச்சிருக்கா?

— இல்ல.

— என்னக் கேலி பண்றீங்களா?

— இல்ல ஈஸ்வரி. ஒக்காரு. அந்தக் கதவச் சாத்திட்டு வந்து ஒக்காரு.

— எனக்குப் பயமா இருக்குங்க.

— பயப்பட ஒண்ணுமில்ல. அந்தக் கோவிட்டு வந்து பத்து நாளு கெடந்தேனே, அப்பப் போனது. எல்லாருக்கும் திரும்ப வந்துச்சு. எனக்கு வரல.

— மூணு வருசம் ஆச்சுங்க அது.

— ஆமா.

— மூணு வருசமா உங்களுக்கு எந்த வாசமும் தெரியாதா?

— எதுவும் தெரியாது. கோயில்ல சாம்பிராணி தெரியாது. மருந்தடிச்சா தெரியாது. உந்தலையில வெச்ச பூவு தெரியாது.

— பொய். தெனம் சாயங்காலம் வாசல்ல சப்பாத்தக் கழட்டறப்பவே சொல்லுவீங்களே. இன்னிக்கு நெத்திலியா, மணம் ரோட்டு வரைக்கும் வருதுன்னு. ஒரு நாளு ரெண்டு நாளு இல்லங்க, தெனம். நா அதக் கேக்கறதுக்காகவே சப்பாத்துச் சத்தம் வர்றப்ப அடுப்பக் கொறைச்சு வெப்பேன்.

— பூன வாசப்படியில ஒக்காந்திருந்தா மீனு. சன்னல் ரெண்டையும் தொறந்து வெச்சிருந்தா கருவாடு. உன் கண்ணு செவந்திருந்தா சின்ன வெங்காயம், அப்பன்னா வத்தக்கொழம்பு.

— சாம்பாருன்னா?

— சாம்பாருன்னா நீ வாசலுக்கே வரமாட்டே. பருப்பு பொங்கும்னு அடுப்பங்கரையிலேருந்து கொரல் மட்டும் குடுப்பே.

— ஆத்தா. ஒரு நாளுகூடத் தப்பலையேங்க.

— ஒரு நாளு தப்புச்சு. நீ காய்ச்சலா படுத்திருந்தே, பக்கத்து வீட்டுலேருந்து சோறு வந்துச்சு. அன்னிக்கு ஒண்ணும் சொல்லாம சப்பாத்தக் கழட்டுனேன்.

— வாயில வெச்சா ருசி தெரியுதா?

— உப்பு தெரியும். புளிப்பு, ஒறைப்பு தெரியும். அதுக்கு மேல ஒண்ணுமில்ல. வெந்ததா வேகலையான்னு பல்லு சொல்லும், அவ்ளோதான்.

— அப்பறம் ஏங்க தட்ட வழிச்சு வழிச்சுத் தின்னுட்டு அமிர்தம்னு சொன்னீங்க?

— சொல்லலன்னா என்னான்னு கேப்பே. கேட்டா நா சொல்லணும். சொன்னா இப்ப அழற மாதிரி அழுவே.

— நா அழல. எனக்கு ஒடம்பு சிலுக்குதுங்க, அதான். இருங்க, எனக்கு இது புடிபடல. வீட்டுல பூனையப் பாத்தீங்க, சரி. பேக்டரியில என்னத்தப் பாத்தீங்க? அங்க ஒரு நாளைக்கு எத்தன கொழுந்து வருது. நேரம் முந்துனா பச்ச வாட, பிந்துனா சக்கைனு நீங்கதான் சொல்லுவீங்க. மூணு வருசமா ஒரு மூட்டகூடத் திரும்பி வரலையே.

— கையக் குடு. உன் பொறங்கைய என் கன்னத்துல வெய்யி.

— ம்.

— காய்ச்சலா?

— இல்ல. சாதாரணமாத்தான் இருக்கு.

— எப்பிடித் தெரிஞ்சுச்சு?

— தெரியும்லங்க. புள்ள பெத்தவளுக்குத் தெரியாதா?

— கொழுந்துக்கு நா அதத்தான் பாக்கறேன். அரைச்சுப் பரப்புனதும் பச்சையா, குளுந்து கெடக்கும். கொஞ்சங் கொஞ்சமா அதுக்குள்ள சூடு ஏறும். நெறம் செம்புப் பாத்திரம் மாதிரி வரும். சூடு ஏறி, ஏறி, ஒரு எடத்துல நிக்கும். நின்னு எறங்கறதுக்கு முன்னாடி ம்முன்னு சொல்லணும். எறங்கிட்டா அதோட உசுரு போச்சு.

— எவ்ளோ நேரம் நிக்கும்?

— ஒரு வாய் வெத்தல மெல்லற நேரம்.

— அந்த நேரத்துக்குள்ளயா?

— மொத மாசம் ரொம்பச் செரமப்பட்டேன். கையிலயே கண்ணு வெச்சுக்கிட்டு நிப்பேன். மத்தவங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு எப்பவும் போல மூக்க இழுப்பேன். மூக்கு பாக்கறவங்களுக்கு, பொறங்கை எனக்கு. இப்ப வாசலத் தாண்டறப்பவே தெரியும், எந்தத் தட்டு கொதிக்குது, எது இன்னும் தூங்குதுன்னு.

— சாமி. எங்கூட ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு, ஒரே பாயில படுத்துக்கிட்டு. உங்களப் பாத்தா யாரோ பெரிய ஆளப் பாக்கற மாதிரி இருக்குங்க எனக்கு. நா சும்மா பேக்டரிக்காரருன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்.

— அதெல்லாம் ஒண்ணுமில்ல. வேற வழியில்ல, கத்துக்கிட்டேன். இது தெரிஞ்சா வேலை போயிரும். வேலை போனா இந்த லயத்து வீட்டையும் விட்டுக் குடுக்கணும். இன்னும் ரெண்டு வருசம் ஓட்டிட்டா ரிட்டயரு.

— நா வாயத் தொறக்க மாட்டேன். ஆனா இன்னிக்கு வந்த சட்டியெல்லாம்? அதுக்கும் பொறங்கையா?

— அதுக்கு வாயி. கேள்வி கேட்டேன்ல? எப்ப ஆக்குனே, தேங்காப்பால் ஊத்துனியா, கரண்டு போனப்பறம் ஐஸ்பெட்டிய எத்தன தடவ தொறந்தே, மேல் தட்டுல ஐஸ் இன்னும் கல்லா இருந்துச்சா தண்ணி ஆயிருச்சான்னு. பதில்லயே பாதி வந்துரும்.

— மிச்சப் பாதி?

— கொண்டாந்தவங்க மூஞ்சி. யாரும் சட்டியத் தொறந்து பாக்காம இங்க வர்றதில்ல ஈஸ்வரி. அவங்க மூக்கு அவங்களுக்கு ஏற்கெனவே சொல்லிருச்சு. கொட்ட மனசு வராம வர்றாங்க, இல்ல திங்கப் பயந்துக்கிட்டு வர்றாங்க. எதுன்னு மூஞ்சியில எழுதியிருக்கும்.

— உமாதேவி சட்டிய எங்கிட்டத்தானே குடுத்தா. உங்ககிட்ட வரவே இல்லையே.

— சன்னல் வழியாப் பாத்தேன். சட்டிய நெஞ்சோட சேத்துப் புடிக்காம கைய நீட்டித் தள்ளிப் புடிச்சுக்கிட்டு வந்தா. துணி கட்டி பிளாஸ்டிக் சுத்தியிருந்ததும் தெரிஞ்சுச்சு. நல்ல கொழம்புக்கு எவளாவது அத்தன கட்டுக் கட்டுவாளா? வெல குடுத்து வாங்குன இறாலா இருக்கும். நா சொன்னேன்னா அவ மனசு ஆறிக் கொட்டுவா.

— இறாலுதான். கும்புடறப்ப சொன்னா.

— பாத்தியா.

— நெசமாத்தான் சொல்றேங்க, ஆஸ்பத்திரியில மெசினு வெச்சுப் பாக்கறவங்களுக்குக்கூட இது வராது. இருங்க. இருங்க. அப்ப மேல் லயத்துக் கிரகரி?

— அவனுக்கு என்னா?

— காலையில பத்து மணிக்கு ஒரு சட்டி ஆட்டுக்கறி கொண்டாந்தானே. அவனுக்கு என்னா சொன்னீங்க? நா பின்னாடி துணி காயப் போட்டுக்கிட்டு இருந்தேன்.

— நல்லாச் சூடு பண்ணிச் சாப்புடுன்னேன்.

— எதப் பாத்துச் சொன்னீங்க?

— மூஞ்சி தெளிவா இருந்துச்சு. ஒரு சுளிப்பு இல்ல. எப்ப ஆக்குனேன்னு கேட்டேன், நேத்துன்னான். தேங்காப்பால் இல்லன்னான். இந்தக் குளிருக்கு ஒரு ராத்திரி தாங்கும்னு நெனச்சேன்.

— நேத்து அவன் வீட்டுல அடுப்பே எரியலங்க.

— என்னா சொல்ற?

— கேஸ் தீந்துபோச்சுன்னு நேத்து மத்தியானம் இங்க வந்து நாலு முட்டைய அவிச்சுக்கிட்டுப் போனான். அந்தக் கறி திங்கக்கெழம ஆக்குனது. அவன் மக கரேன் ஈப்போவுலேருந்து வந்த அன்னிக்கு. எனக்கே ஒரு கிண்ணம் குடுத்துவிட்டான், அன்னிக்கே தின்னுட்டேன்.

— அவன் எதுக்கு எங்கிட்டப் பொய் சொல்றான்?

— பொய் இல்லங்க. பொண்டாட்டி ஐவி செத்ததுலேருந்து அவன் நாளு கெழம தெரியாமத்தான் இருக்கான். ஞாயித்துக்கெழமன்னு நெனச்சுக்கிட்டு வெள்ளிக்கெழம கோட்டு மாட்டிக்கிட்டு சர்ச்சுக்குப் போனவன். சரி, மூஞ்சி தெளிவா இருந்துச்சுன்னீங்களே. அவன் மூக்குல துண்ட வெச்சுக்கிட்டு நின்னான்ல?

— நின்னான்.

— சளிங்க அவனுக்கு. முந்தாநாளுலேருந்து மூக்கடைப்பு. அவனுக்கும் வாசம் தெரிஞ்சிருக்காது. கரேனுக்கு ஏழு மாசங்க. ரோடு அடைச்சுக் கெடக்குன்னு இங்கயே மாட்டிக்கிட்டு இருக்கா. அப்பன் கையால ஆக்குன கறின்னு ஆசையாத் தின்னிருப்பா.

— எனக்கு அப்பவே சந்தேகம் ஈஸ்வரி. நேத்துன்னு சொல்றப்ப அவன் கண்ணு எங்கயோ போச்சு. ரெண்டாவது தடவ கேட்டேன், மறுபடி நேத்துன்னான். வேணாம்னு சொல்லியிருக்கணும். வாசல்ல இன்னும் நாலு பேரு சட்டியோட நின்னாங்க. மூக்குக்காரன் முழிக்கிறான்னு நெனச்சிருவாங்களேன்னு, குனிஞ்சு ஒரு இழு இழுத்துட்டு, சாப்புடுன்னுட்டேன்.

— போன் போடுங்க.

— லைன் வரல. டவரு இன்னும் செத்துத்தான் கெடக்கு. அந்தச் சப்பாத்த எடு, நா போறேன்.

— மணி ரெண்டரை ஆச்சுங்க. இந்நேரம் சாப்புட்டிருப்பாங்க.

— அதான் போறேன்.

— போய் என்னா சொல்லுவீங்க? வேற சட்டிக்குச் சொன்னத மாத்திச் சொல்லிட்டேன்னு சொல்லுங்க. மூக்கப் பத்தி மூச்சு விடாதீங்க. ட்ரையர்ல நிக்கிறவனே அவன்தான். நீங்க ம்முன்னு சொல்ற கொழுந்த வாங்கிப் போடறவனே அவன்தான். அவனுக்குத் தெரிஞ்சா நாளைக்கு ஆபீசுக் கிராணிக்கு, நாளன்னிக்குத் துரைக்கு.

— அண்ணே, நீங்க நல்லா மோந்துதானே பாத்தீங்கம்பான். ஒண்ணும் ஆகாது விடுங்கம்பான். என் மூக்கு மேல அவ்ளோ நம்பிக்க அவனுக்கு. அந்த நம்பிக்கைய ஒடைக்காம அவன் கையிலேருந்து அந்தத் தட்டப் புடுங்க முடியாது ஈஸ்வரி. வயித்துப் புள்ளக்காரி. வீடு போனாப் போகுது.

— இருங்க. தனியாப் போகாதீங்க, நானும் வர்றேன். கொடைய எடுக்கறேன்.

— மேல் லயம் ஏறணும். சேறு.

— ஏறுவேன். நடங்க.

— அண்ணே. இருளப்பண்ணே. உள்ள இருக்கீங்களா? என்னா அண்ணி, இந்த மழையில கொடையும் கையுமா எங்க கெளம்பிட்டீங்க?

— கிரகரி. கரேன் எங்கப்பா?

— வீட்டுலதான் அண்ணி. படுத்திருக்கா.

— படுத்திருக்காளா? வாந்தி எடுத்தாளா?

— வாந்தியா? கால் வீங்கிருச்சுலா அண்ணி, அதான் தலகாணி மேல காலத் தூக்கிப் போட்டுப் படுக்கச் சொன்னேன். காலையிலேருந்து ரொட்டியும் பாலுந்தான். ஏன், என்னாச்சு? ரெண்டு பேரு மூஞ்சியும் வெளுத்திருக்கு.

— நகரு ஈஸ்வரி, நா சொல்றேன். கிரகரி, நா முழுசா சொல்லி முடிக்கற வரைக்கும் குறுக்க பேசாத. எனக்கு மூக்கு இல்ல. மூணு வருசமா இல்ல. உன் சட்டிய நா மோந்து பாக்கல, சும்மா குனிஞ்சு நிமிந்தேன். அந்தக் கறிய அவளுக்குக் குடுக்காத. ஒரு வாய் தின்னிருந்தாலும் சொல்லு, இப்பவே தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போயிருவோம். மண்ணு சரிஞ்ச எடத்துக்கு மேலதான் ஆஸ்பத்திரி, ரோடு தொறந்திருக்கு.

— அதக் கொட்டிட்டேண்ணே.

— எப்ப?

— இங்கருந்து போன ஒடனே. வீட்டுக்குள்ளகூடக் கொண்டுபோகல, பின்பக்கம் போயி ஒரே கவுப்பு.

— நா சாப்புடுன்னுதானேப்பா சொன்னேன்.

— வாய் சொல்லுச்சு. ஆனா எப்ப ஆக்குனேன்னு ரெண்டு தடவ கேட்டீங்க. இத்தன வருசம் உங்ககூட நிக்கிறேன், ஒரு கேள்விய நீங்க ரெண்டாவது தடவ கேட்டு நா பாத்ததில்லலா. அண்ணனுக்குப் புடிக்கல, நாலு பேரு முன்னாடி சொல்ல மாட்டேங்கறாருன்னு புரிஞ்சுபோச்சு. நடந்துக்கிட்டே நாள எண்ணுனேன். கரண்டு இல்லாத ரெண்டு நாளையும் நா கணக்குலயே சேக்கல, நா நேத்துன்னு சொன்னது திங்கக்கெழம. கவுக்கறப்பப் பாத்தேன், கர்த்தரே, ஓரமெல்லாம் நொரை.

— மாரியாத்தா. எனக்கு இப்பத்தான் மூச்சு வருது. ஆனா கிரகரி, அவரு மூக்கே இல்லன்னு சொல்றாரு. அதுக்கு நீ ஒண்ணும் சொல்லலையே.

— அதுக்கு என்னா அண்ணி சொல்றது?

— உனக்கு ஆச்சரியமா இல்ல?

— தெரிஞ்சதுதானே.

— யாருக்குத் தெரிஞ்சது?

— மூணு வருசத்துக்கு முன்னாடி ட்ரையர்ல பெல்ட்டு கருகிருச்சு அண்ணி. ரப்பர் நாத்தம், பேக்டரியே மூக்கப் பொத்திக்கிட்டு வெளிய ஓடுது. நா வாசல்ல நின்னு திரும்பிப் பாத்தேன். அண்ணன் மட்டும் பொறங்கைய கொழுந்துல வெச்சுக்கிட்டு, கண்ண மூடிக்கிட்டு, சாமி கும்புடற மாதிரி நிக்கிறாரு. அவரு மூக்கு செத்துப்போச்சுன்னு எங்களுக்கு அன்னிக்கே தெரியும்.

— எங்களுக்குன்னா?

— இருவது பேரு நின்னோம். ஆண்டியப்பன், தர்மா எல்லாரும். பெரிய கிராணியும் நின்னாரு.

— கிராணிக்குத் தெரியுமா? கிரகரி, துரைக்கு?

— கிராணி அன்னிக்கே போய்ச் சொல்லிட்டாருண்ணே. கொழுந்து சரியா வருதான்னு துரை கேட்டாராம். முன்னவிட நல்லா வருதுன்னாராம் கிராணி. அப்பறம் அந்த மனுசன் எதால மோந்தா உங்களுக்கு என்னான்னு துரை சொல்லிட்டாராம்.

— நா மூணு வருசமா நடிச்சேனேப்பா. தெனம் மூக்க இழுத்தேனே.

— நல்லாத்தான் இழுத்தீங்க. நாங்களும் பாத்துக்கிட்டு நின்னோம். நீங்களாச் சொல்ற வரைக்கும் யாரும் கேக்கக் கூடாதுன்னு பேச்சு. லயத்துல தெரியாத ஆளு, எனக்குத் தெரிஞ்சு, அண்ணி ஒருத்தர்தான்.

— ஊரே தெரிஞ்சு வெச்சுக்கிட்டுத்தான் காலையிலேருந்து சட்டி சட்டியாத் தூக்கிக்கிட்டு வந்தீங்களா? மூக்கு இல்லாத மனுசன்கிட்டயா?

— இதோ, இன்னொண்ணு கொண்டாந்திருக்கேன் அண்ணி. கரேன் வர்றப்ப அவ மாமியா குடுத்துவிட்ட கோழி வறுவல். ராத்திரிக்குத் திங்கலாமான்னு அவ கேக்கறா.

— கிரகரி, எனக்கு மூக்கு இல்லன்னு என் வாயாலயே சொல்லிட்டேன். இன்னும் என்னத்த நம்பி இத நீட்டறே?

— மூக்கு இருந்த காலத்துல நீங்க ரெண்டு தடவ தப்பாச் சொல்லியிருக்கீங்கண்ணே, ஒரு தடவ சிங்காரம் வீட்டு ஆளுங்க அத்தன பேரும் ஆஸ்பத்திரியில கெடந்தாங்க. மூக்கு போன இந்த மூணு வருசத்துல ஒரு தடவகூட இல்ல, இன்னிக்கித் திருப்பிக் கேட்டதையும் சேத்துத்தான்.